ஒன்று நாலு ஏழு நாலு

கார் எண்ணைப் பார்த்ததும் கியாட் சிரித்தான். அவன் மனைவி ஸ்யூ லெங் ஒரு அடி தள்ளி நின்றுகொண்டாள். ஆறு வருடக் குடித்தனத்தில் அவள் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான். அவன் கத்தினால் பயமில்லை, கத்தி முடித்துத் தூங்கிவிடுவான். சிரித்தால்தான் எதையாவது கையில் எடுப்பான்.

உபி என்ற தொழிற்பேட்டையில் பழைய தொழிற்கூடக் கட்டடம் ஒன்றின் ஐந்தாவது மாடி. சனிக்கிழமை காலை பத்து மணி. கார் வாடகைக் கம்பெனியின் ஆள் டெஸ்மண்ட் ஈரத்துணியால் துடைத்துப் பளபளவென்று நிறுத்தியிருந்தான். சிவப்பு நிறம், இரண்டே இருக்கை, பொத்தானை அழுத்தினால் கூரை பின்னால் மடிந்துபோகும். கியாட் அதன் முன்பக்கம் போகவில்லை, கூரையைத் தொடவில்லை. நேராகப் பின்னால் போய்க் குந்தி உட்கார்ந்து எண் பலகையில் விரலை வைத்தான். எத்தனை முறை கழுவினாலும் அவன் நகக்கண்ணில் சிமெண்டுத் தூசி வெள்ளையாகவே இருக்கும்.

"ஒண்ணு நாலு. ஏழு நாலு," என்று எழுத்துக்கூட்டுவதுபோல் படித்தான்.

அவர்கள் பேசும் சீனத்தில் நாலு என்று சொன்னால் சாவு என்று காதில் விழும். ஒன்று நாலு என்றால் சாகப்போகிறாய். ஏழு நாலு என்றால் கோபத்திலேயே சாவாய். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூடச் சொல்லிச் சிரிக்கும் பழைய விளையாட்டு. மின்தூக்கியில் நாலாம் எண் பொத்தானை முழங்கையால் அழுத்துகிறவன் கியாட்.

"யாரு இதைப் புடிச்சது?" என்று கேட்டான்.

டெஸ்மண்ட் நல்ல பையன், வாய்தான் நீளம். "நம்பருக்குப் பயந்து யாரும் எடுக்கமாட்டேங்கிறாங்க பாஸ். அதான் மாசம் முன்னூறு வெள்ளி வாடகை கம்மி. ஸிஸ்தான் போன வாரமே போன் போட்டு, அந்த வண்டியையே எனக்கு வைன்னு சொன்னாங்க. கெட்டிக்காரி பாஸ் உங்க வீட்டம்மா."

கியாட் எழுந்து கையைக் காற்சட்டையில் தட்டிக்கொண்டான். அவளைப் பார்த்து இன்னொரு முறை சிரித்தான்.

வாங்குவதா வாடகைக்கு எடுப்பதா என்று இரண்டு மாதமாக வீட்டில் பேச்சு. கியாட் வாங்கவேண்டும் என்றான். சுவர் இடிக்கிற தொழில் அவனுக்கு. புதிதாக வீடு வாங்குகிறவர்கள் சமையலறைச் சுவரைப் பிடிக்கவில்லை, குளியலறை ஓடு பிடிக்கவில்லை என்பார்கள். கியாட்டும் மூன்று ஆட்களும் சம்மட்டியோடு போவார்கள், இரண்டு நாளில் வீட்டை எலும்பாக்கிவிட்டு வருவார்கள். பதினெட்டு வருடமாகத் தூசி லாரியில் போய் வருகிறவனுக்குக் கூரை இல்லாத சிவப்புக் கார் மேல் ஆசை வந்ததில் அவளுக்கு ஆச்சரியம் இல்லை. ஆனால் முப்பது வயதில் நண்பனுக்கு ஜாமீன் நின்று திவாலானவன். அவன் பெயரில் எதையும் எழுத முடியாது. எழுதினால் ஸ்யூ லெங் பெயரில்தான் எழுதவேண்டும். வாங்கினால் கார் வைத்துக்கொள்ள அரசாங்கம் கொடுக்கும் சான்றிதழ் பத்து வருடத்துக்கு. பத்து வருடமும் அவள் கையெழுத்து அந்தக் காரின் அடியில் கிடக்கும்.

அவள் வாடகை என்றாள். ஒரு வருடம் ஓட்டிப் பார்ப்போம், பிடித்தால் அப்புறம் வாங்கலாம் என்றாள். காரணம் சொல்லும்போது பராமரிப்பு, டயர், காப்புறுதி என்று நிறையச் சொன்னாள். உண்மையான காரணம் வேறு. அவர்களுடைய அரசு வீட்டைச் சாவி வாங்கி ஐந்து வருடம் முடியும்வரை விற்க முடியாது. அடுத்த மே மாதம் ஐந்து வருடம் முடிகிறது. அன்றைக்கு வீட்டை விற்று அவளுடைய பாதியை எடுத்துக்கொண்டு போய்விடுவது என்று அவள் முடிவுசெய்து பதினான்கு மாதம் ஆயிற்று. தங்கையிடம்கூடச் சொல்லவில்லை. இப்போது ஜூன். ஒரு வருட வாடகை என்றால் காரும் வீடும் ஏறக்குறைய ஒன்றாகக் கையைவிட்டுப் போகும். அந்த எண்ணை அவள் பார்க்காமல் எடுக்கவில்லை. இணையத்தில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். மனத்துக்குள் படித்தும் பார்த்தாள். அதன் பிறகுதான் டெஸ்மண்டைக் கூப்பிட்டாள்.

அவளுக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. ஒரு நாளைக்கு அறுபது, எழுபது பேரின் எலும்பைப் பார்ப்பாள். வழுக்கி விழுந்தவர்களுக்கு மணிக்கட்டு உடையும். படியில் உருண்டவர்களுக்குக் கணுக்கால். முன்கையில் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு மட்டும், நட்டநடுவில், குச்சியை ஒடித்ததுபோல் உடைந்திருந்தால் அந்த ஆள் விழவில்லை. முகத்தைக் காப்பாற்றக் கையைத் தூக்கியிருக்கிறார். இதை எந்தப் புத்தகமும் பார்க்காமல் அவள் சொல்லுவாள். போன வருடம் ஏப்ரலில் அவளுடைய வலது கையை அதே மேசையில் வைத்துப் படம் எடுத்தது அக்கா என்ற அர்த்தத்தில் காக் நோர் என்று எல்லோரும் கூப்பிடும் மூத்த மலாய்க்காரி நோர்ஹயாத்தி. குளியலறையில் வழுக்கிவிட்டது என்று ஸ்யூ லெங் சொன்னாள். காக் நோர் திரையைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், தாளில் குளியலறை என்று எழுதினாள். அன்று கியாட் எடுத்தது தரை துடைக்கும் தடி. அலுமினியத் தடி அவள் கையோடு சேர்ந்து வளைந்துபோனது. அடுத்த நாள் அவனே போய்ப் புதிது வாங்கிவந்தான், எஃகுத் தடி, நீண்ட நாள் உழைக்கும் என்று சொன்னான்.

டெஸ்மண்ட் இரண்டு கட்டுத் தாள்களை மேசையில் பரப்பி வைத்திருந்தான். இடப்பக்கம் வாடகை, வலப்பக்கம் விற்பனை. பேனாவை நடுவில் வைத்தான். கியாட் தாளைப் பார்க்கவே இல்லை. முதலில் ஓட்டிப் பார்க்கலாம் என்றான். தானும் கூட வருவதுதான் வழக்கம் என்று டெஸ்மண்ட் இழுத்தான்.

"ரெண்டு சீட்டுதானே இருக்கு. நீ எங்க உக்காருவ, என் மடியிலயா?"

டெஸ்மண்ட் சிரித்துவிட்டுச் சாவியைக் கொடுத்தான். சோதனை ஓட்டத்துக்கான ஒற்றைத் தாளில் ஸ்யூ லெங் கையெழுத்துப் போட்டாள். கியாட் தன்னுடைய எஃகுத் தண்ணீர்ப் புட்டியை இரண்டு இருக்கைக்கும் நடுவில் செருகினான். இடிக்கும் வேலைக்குக் கொண்டுபோகும் இரண்டு லிட்டர்ப் புட்டி அது. அந்தக் காரில் அதை வைக்கச் சரியான இடம்கூட இல்லை, பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

வண்டி விரைவுச்சாலையில் ஏறியது. கூரை திறந்திருந்தது. வெயில் மண்டையில் இறங்கியது. லாரிகளின் சக்கரங்கள் அவள் தலைக்கு மேலே சுழன்றன, அவ்வளவு தாழ்வு. அவன் நன்றாகத்தான் ஓட்டினான். ஒரு டாக்சியை இடப்பக்கமாகவும் ஒரு பேருந்தை வலப்பக்கமாகவும் தாண்டினான். அவன் முகத்தில் ஒரு பையனின் சந்தோஷம் வந்து நின்றதைப் பார்த்தபோது, ஒரு நிமிடம், சிரிப்பை அவன் மறந்துவிட்டான் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்காகப் பிறகு தன்மீதே எரிச்சல் வந்தது.

"நல்ல வண்டி," என்றான். "ஒரு வருஷம்னு ஏன் சொன்ன?"

"ஓட்டிப் பாக்கலாம்னுதான்."

"ரெண்டு வருஷம்னா வாடகை இன்னும் கம்மி. மூணு வருஷம்னா அதைவிடக் கம்மி. காசு பாக்குறவ நீ. சாவு நம்பரைக்கூட முன்னூறு வெள்ளிக்கு எடுக்குறவ. ஒரு வருஷத்துல என்ன இருக்கு?"

அவள் காற்றில் கேட்கவில்லை என்பதுபோல் முடியை ஒதுக்கிக்கொண்டாள். அவன் விரைவுச்சாலையை விட்டு இறங்கிக் காமன்வெல்த் பக்கம் திருப்பினான். அவர்கள் வீடு இருக்கும் பேட்டை. சாலை நடுவே மேல் ரயில் பாதையின் தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வேகம் குறையவில்லை.

"என் தொழில் என்னன்னு உனக்கு மறந்துபோச்சு," என்றான் கியாட். குரல் தாழ்ந்திருந்தது, கிட்டத்தட்ட அன்பாக. "எந்த அடுக்குமாடி புளோக்குக்கு எப்ப அஞ்சு வருஷம் முடியும்னு என்னைக் கேட்டா தூக்கத்துலகூடச் சொல்லுவேன். அஞ்சு வருஷம் முடிஞ்சாத்தான் பழைய ஆள் விப்பான். புது ஆள் வந்தாத்தான் சுவரை இடிப்பான். என் சோறே அதுலதான் இருக்கு. நம்ம புளோக் அடுத்த மே. உன் வண்டி அடுத்த ஜூன்."

அவள் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் கன்னம் அசையாமல் இருக்கவேண்டும் என்பது மட்டுமே அப்போது அவளுக்கு வேலையாக இருந்தது.

"சொல்லு லா. நான் சரியா சொல்றேனா?"

அவள் "ஆமாம்" என்றாள். எதற்காகச் சொன்னாள் என்று அவளுக்குத் தெரியாது. பதினான்கு மாதம் அடக்கிவைத்த சொல் காற்றோடு கிளம்பிவிட்டது. சொன்னதும் வலது கையைத் தூக்கினாள், அவன் அடிப்பதற்கு முன்பே. உடம்புக்கு அவ்வளவு பழக்கமாகியிருந்தது.

அவன் வலது கை ஸ்டியரிங்கில் இருந்தது. இடது கையால் புட்டியை உருவி, சுவரில் முதல் சம்மட்டி போடுவதுபோல் அளவெடுத்துப் போட்டான். எலும்பு உடையும் சத்தம் அவளுக்குக் கேட்டது. அதே இடம் என்று தெரிந்தது. இரண்டாவது அடி காதுக்கு மேலே விழுந்தது, சூடாக ஏதோ கழுத்தில் இறங்கியது. மூன்றாவதற்கு அவன் கையை ஓங்கியபோது சாலையைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தான். அவளுடைய இடது கை அப்போது ஸ்டியரிங்கின் இடது விளிம்பைப் பிடித்திருந்தது.

அவளுக்கு அரை நொடி இருந்தது. விளிம்பைக் கீழே இழுத்தால் வண்டி இடப்பக்கம் போகும், அவள் பக்கம், நடைபாதைக் கம்பியில் உரசி நிற்கும். மேலே தள்ளினால் வலப்பக்கம், தூண். எலும்புகளோடு பத்து வருடம் வேலை செய்தவளுக்கு எந்தப் பக்கம் எது உடையும் என்று யாரும் சொல்லவேண்டியதில்லை.

மேலே தள்ளினாள்.

கண் திறந்தபோது வண்டி குறுக்காகத் திரும்பி நின்றிருந்தது. வெள்ளைக் காற்றுப்பை சுருங்கி மடியில் கிடந்தது. வலப்பக்கம் கதவு இல்லை, கதவு இருந்த இடத்தில் தூண் இருந்தது. கியாட் தூணுக்கும் இருக்கைக்கும் நடுவே மடிந்து கிடந்தான். வாயிலிருந்து ரத்தம் குமிழியாக வந்து உடைந்தது, மறுபடி வந்தது. மூச்சு இருக்கிறது என்று குமிழியை எண்ணிப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். அவன் கண் பாதி திறந்திருந்தது. எங்கே பார்க்கிறது என்று சொல்ல முடியவில்லை.

எதிர்ப்புறக் கோப்பிக் கடையிலிருந்து ஆட்கள் சாலையைக் குறுக்கே கடந்து ஓடிவந்தார்கள். யாரோ அவளை வெளியே இழுத்தார்கள். ஒரு பெண் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து நடைபாதையில் போட்டு உட்காரவைத்தாள். ஆம்புலன்சுக்குச் சொல்லியாயிற்று என்றாள். ஸ்யூ லெங் உடைந்த கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். பனியன் போட்ட இரண்டு கிழவர்கள் காரின் பின்பக்கம் போனார்கள். ஒருவர் குனிந்து செருப்பால் கண்ணாடித் தூளை ஒதுக்கிவிட்டுக் கைப்பேசியில் எண் பலகையைப் படம் எடுத்தார். மற்றவர் தாள் இல்லாததால் சிகரெட் பெட்டியின் உள்பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

"ஒண்ணு நாலு ஏழு நாலு. ஐயோ, எவ்வளவு மோசமான நம்பர்."

"மோசமா இருந்தாத்தான் வரும். இன்னைக்கு லாட்டரிக் குலுக்கல் ஆறரைக்கு. இப்பவே போ."

பஸ் நிறுத்தத்திலிருந்து இன்னும் நாலைந்து பேர் வந்து படம் எடுத்தார்கள். அதில் தப்பு எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. அவளும் அந்த ஊர்தான். போன வருடம் விரைவுச்சாலையில் எரிந்துபோன லாரியின் எண்ணைக் கியாட் ஒரு மாதம் விடாமல் லாட்டரியில் கட்டினான்.

ஆஸ்பத்திரியில் அவளை அவளுடைய மேசையிலேயே படுக்கவைத்தார்கள். காக் நோர் கையைத் தூக்கிப் பலகையில் வைத்தாள், குளிர்ச்சியாக இருந்தது. திரையில் பழைய உடைவு கட்டியான முடிச்சாகவும் அதன்மேல் புதிய உடைவு கறுப்புக் கோடாகவும் வந்தது. காக் நோர் வெகுநேரம் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"வண்டி மோதி இந்த மாதிரி உடையாது," என்றாள். "என்ன எழுதட்டும்?"

"நீங்க பாக்குறதை எழுதுங்க காக்."

காக் நோர் எழுதினாள். போன முறையைவிட நேரம் எடுத்து எழுதினாள்.

போலீஸ்காரர் வந்து கேட்டபோது, அடித்ததுவரை சொன்னாள். அதற்குப் பிறகு நினைவில்லை என்றாள். அவர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். கியாட்டுக்கு இடுப்பெலும்பும் தொடையெலும்பும் நொறுங்கியிருந்தன, மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தில்லை என்றார் இளவயது டாக்டர். நடக்க எட்டு மாதமோ ஒரு வருடமோ ஆகும் என்றும் சொன்னார். அவர் சொல்லாமலே அவள் கணக்குப் போட்டுவிட்டாள். ஒரு வருடம் என்றால் ஜூன், மே அதற்குள் வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கியாட்டின் அக்கா ஆ ஹுவாய் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் அவளைப் பிடித்துக்கொண்டாள். தம்பியைத் தூக்கி வளர்த்தவள். போலீஸ் சொன்னது எதுவும் அவள் காதில் ஏறியிருக்கவில்லை. புருஷன் பெண்டாட்டி என்றால் வண்டிக்குள்ளே நாலு வார்த்தை வரத்தான் செய்யும் என்றாள். இனி அவனைக் குளிப்பாட்டவும் புரட்டிப்போடவும் ஆள் வேண்டும், நல்லவேளை நீ ஆஸ்பத்திரிக்காரி என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"கண்ணு முழிச்சதும் உன்னைத்தான் கேட்டான். அவ கை எப்படி இருக்குன்னு கேட்டான். பாத்தியா, அந்த நிலைமையிலயும்."

"உடைஞ்சிருக்குன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன். வலது கைன்னு சொன்னேன். இல்ல, இடது கைங்கிறான். இடது கை எப்படி இருக்கு, இடது கை எப்படி இருக்குன்னு அதையே கேட்டுக்கிட்டு இருக்கான். மருந்து மயக்கம், பாவம். நீயே உள்ள போய்க் காட்டிட்டு வாயேன்."

ஸ்யூ லெங் கழிவறைக்குப் போய்வருவதாகச் சொன்னாள். மின்தூக்கியில் இறங்கினாள், டாக்சி பிடித்தாள், காமன்வெல்த் என்றாள். வீட்டுக்குப் போகத்தான் நினைத்தாள். பாஸ்போர்ட், வங்கிப் புத்தகம், இரண்டு உடை என்று மனத்துக்குள் வரிசை ஓடியது. தூணைத் தாண்டும்போது பார்த்தாள். சிவப்பாக ஒரு கீறல், அடியில் கொஞ்சம் மணல் கொட்டியிருந்தார்கள், அவ்வளவுதான். புளோக்கின் கீழே லாட்டரிக் கடை வாசலில் வரிசை மருந்துக்கடையைத் தாண்டி வளைந்து நின்றது. அவள் போய் வரிசையின் கடைசியில் நின்றாள்.

யாரும் அவளை அடையாளம் காணவில்லை. முன்னால் நின்ற கிழவர் மட்டும் மாவுக்கட்டைப் பார்த்துவிட்டு எலும்புச் சாறு குடிக்கச் சொன்னார். நேற்று வந்ததா என்று அவள் கேட்டாள். வரவில்லை என்றார். அதனால் என்ன, சூடு ஆறியிருக்காது, இன்றைக்கு நிச்சயம் என்றார். அந்த வண்டியில் ஒரு பொம்பளையும் இருந்தாளாம், கீறல்கூட இல்லாமல் பிழைத்துவிட்டாளாம், அவள் கட்டினால் அள்ளுவாள் என்றார்.

அவள் முறை வர அரை மணி ஆயிற்று. சீட்டை இடது கையால் நிரப்பினாள். குட்டைப் பென்சில் நழுவியது. கட்டங்களை விட்டு வெளியே போன கோடுகளைப் பார்த்தால் ஏதோ குழந்தை கிறுக்கியதுபோல் இருந்தது. கவுண்டர்ப் பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும். சீட்டை இயந்திரத்துக்குள் விட்டாள். இயந்திரம் அதைத் திருப்பித் தள்ளியது. இன்னொரு முறை விட்டாள். மறுபடியும் தள்ளியது.

"இந்த நம்பர் தீர்ந்துபோச்சு மெய் மெய்," என்றாள், தங்கச்சி என்பதுபோல். "காலையில ஒம்பது மணிக்கே தீர்ந்துபோச்சு. ஊரே கட்டிருச்சு. வேற நம்பர் ஏதாவது இருக்கா?"

ஸ்யூ லெங் பென்சிலை மறுபடி எடுத்தாள். சீட்டுக்குப் பக்கத்தில், கவுண்டர்க் கண்ணாடிமேல் வைத்திருந்த அவள் கைப்பேசி அடிக்கத் தொடங்கியது. சத்தத்தை அவள் அணைத்து வைத்திருந்தாள், அதிர்வு மட்டும். திரையில் கியாட் என்று பெயர் வந்தது. கவுண்டர்ப் பெண் பெயரைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். பின்னால் வரிசையில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். கைப்பேசி அதிர்ந்து அதிர்ந்து வழுக்கலான கண்ணாடிமேல் அரை விரல் அரை விரலாக நகர்ந்துகொண்டிருந்தது. விளிம்புக்கு இன்னும் நாலு விரல் இருந்தது. இடது கையில் பென்சில் இருந்தது. இரண்டு பெண்களும் அது போவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.